கிம்பே விரிகுடாவுக்கு டைவிங் போகலாமா? நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பாப்புவா நியூகினியில் இருக்கும் கிம்பே விரிகுடாவுக்கு இரண்டு முறை ஸ்கூபா டைவிங் போய் வந்தேன். படங்களைப் பார்த்த நண்பர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். அந்தக் கடலில் முங்குவது சுலபம். போய்ச் சேருவதும், அங்கே உடம்புக்கு ஏதாவது வந்தால் சமாளிப்பதும், சொன்ன நாளில் வீடு திரும்புவதும்தான் கஷ்டம். அதனால் கீழே பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே உள்ள விஷயங்கள்தான்.

கிம்பே விரிகுடா எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே பாப்புவா நியூகினி. அதன் கிழக்கில் பிறை போல வளைந்து கிடக்கும் பெரிய தீவு நியூ பிரிட்டன். அந்தத் தீவின் வடகரையில் உள்ள அகலமான விரிகுடா இது. மேற்கே ஒரு நீண்ட தீபகற்பம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு இருப்பதால் அந்தப் பக்கத்து அலைக்கு ஒரு தடுப்பு உண்டு. கரையிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூம்பு வடிவ மலைகள். பெரும்பாலும் எரிமலைகள். கிம்பே என்ற ஊர்தான் மேற்கு நியூ பிரிட்டன் மாகாணத்தின் தலைநகர்: ஒரு சந்தை, சில கடைகள், துறைமுகம், அவ்வளவுதான்.

அந்தமானும் மாலத்தீவும் பக்கத்திலேயே இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு?

நியாயமான கேள்வி. சுறாவும் திருக்கையும் பார்த்தால் போதும் என்றால் மாலத்தீவுக்கே போங்கள், காசு மிச்சம்.

கிம்பேயின் சிறப்பு, ஒரே இடத்தில் இருக்கும் உயிர்களின் வகை. இங்கே 400க்கு மேற்பட்ட கல் பவள வகைகள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. இந்திய, பசிபிக் கடல்களில் உள்ள மொத்தப் பவள வகைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விரிகுடாவில் இருக்கிறது. பவளத்திட்டு மீன்கள் 800 வகைக்கு மேல். இன்னொன்று, கடலடியின் அமைப்பு. கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டராகிவிடுகிறது. அந்த ஆழத்திலிருந்து தூண் போல எழும்பி, மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் குன்றுகள் இருக்கின்றன. டைவ் செய்வது அந்தக் குன்றுகளின் உச்சியில்தான்.

சூசன்ஸ் ரீஃப் என்ற இடத்தை மட்டும் சொல்கிறேன். படகிலிருந்து குதித்தால் முதலில் வெறும் நீலம். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினால் கீழே ஒரு முதுகு மாதிரி தெரியும். அதில் செக்கச்சிவந்த சாட்டைப் பவளம், வயலில் நாற்று நட்டது போல அடர்த்தியாக, நீரோட்டத்துக்கு ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு குச்சியாக நிதானமாகப் பாருங்கள். விரல் நகத்தளவு இறால், அதே சிவப்பில், அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு வழிகாட்டி மூன்று முறை சுட்டிக்காட்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இங்லிஸ் ஷோல், பிராட்ஃபோர்ட் ஷோல் போன்ற குன்றுகளில் வேறு காட்சி: சீலா மீன் கூட்டமும் பாரைக் கூட்டமும் தலைக்கு மேலே சுற்றும், சாம்பல் நிறச் சுறா ஓரமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அப்புறம் ஒரு ஜப்பானியப் போர் விமானம். இரண்டாம் உலகப் போரில், 1943 டிசம்பரில், கடலில் இறங்கிய ஜீரோ ரக விமானம் அது. 2000-ஆம் ஆண்டு கடல் அட்டை தேடி முங்கிய உள்ளூர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டது. சுமார் 15 மீட்டர் ஆழத்தில், இறக்கையெல்லாம் அப்படியே இருக்க, மணலில் உட்கார்ந்திருக்கிறது. நம்மூர் ராமேஸ்வரம் பக்கமும் யாழ்ப்பாணம் பக்கமும் இதே கடல் அட்டைக்காக மூச்சடக்கி முங்கிய ஆட்கள் உண்டு, அதனால் அந்த மனிதர் கண் எப்படித் தரையை மேய்ந்திருக்கும் என்று எனக்கு ஊகிக்க முடிந்தது.

எனக்கு இன்னும் டைவிங் தெரியாது. அங்கேயே கற்றுக்கொள்ளலாமா?

வேண்டாம். முதல் நான்கு டைவில் நம் கவனமெல்லாம் மாஸ்க்கில் புகுந்த தண்ணீரிலேயே இருக்கும், பவளம் எங்கே பார்ப்பது? புதுச்சேரி, அந்தமான், முருதேஷ்வர், திருகோணமலை என்று பக்கத்திலேயே கற்றுக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. அங்கே சான்றிதழ் வாங்கி, ஒரு இருபது முப்பது டைவ் செய்துவிட்டு வாருங்கள்.

அடிப்படைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். வெளிக்குன்றுகள் சிலவற்றின் உச்சியே 20 மீட்டருக்குப் பக்கத்தில் ஆரம்பிக்கும், நீரோட்டமும் இருக்கும். அதனால் 30 மீட்டர் வரை அனுமதிக்கும் அடுத்த நிலைச் சான்றிதழும் இருந்தால் நல்லது. முக்கியமாக, கைகால் ஆட்டாமல் தண்ணீரில் ஒரே உயரத்தில் நிற்கப் பழகியிருக்க வேண்டும். இங்கே அடியைத் தேடி இறங்கினால் அடி கிடையாது.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை வடமேற்குப் பருவக்காற்றோடு மழை கொட்டும். ஆறுகள் கலங்கி, கரைப்பக்கப் பாறைகளில் தண்ணீர் மங்கிவிடும். அந்த மூன்று மாதத்தைத் தவிர்த்தால் போதும். தண்ணீர் வருஷம் முழுக்க 28 முதல் 31 டிகிரி வரை, கிட்டத்தட்ட வெதுவெதுப்பான குளியல். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைவிங் உடை போதும்.

எப்படிப் போய்ச் சேருவது? எத்தனை நாள் வேண்டும்?

தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்தால் சிங்கப்பூர் வழிதான் எனக்குத் தெரிந்து வசதி. சிங்கப்பூரிலிருந்து தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு ஏர் நியூகினி விமானம், சுமார் ஆறரை மணி நேரம். அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கிம்பேக்குப் பக்கத்து விமான நிலையமான ஹாஸ்கின்ஸ், ஒரு மணி நேரம். அப்புறம் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இன்னொரு மணி நேரம் வண்டி. ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் பனை, அந்தப் பக்கமும் பனை, மாறாத காட்சி.

உள்நாட்டு விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். போகும்போதும் வரும்போதும் போர்ட் மோர்ஸ்பியில் ஒரு ராத்திரி தங்குவதாகவே கணக்கில் வையுங்கள். என் கணக்கு இது: போக இரண்டு நாள், டைவ் செய்ய ஐந்து நாள், சும்மா இருக்க ஒரு நாள், திரும்ப இரண்டு நாள். ஆகப் பத்து. ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் இந்த இடம் வேண்டாம். வேறு எங்காவது நிம்மதியாகப் போய் வாருங்கள்.

விசா?

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கிளம்பும் முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். விசா கையில் வரும்வரை உள்நாட்டு விமானச் சீட்டைப் பதிவு செய்யாமல் இருப்பது புத்திசாலித்தனம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் அவரவர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் ஒன்றல்ல.

சும்மா இருக்க ஒரு நாளா? அன்றைக்கும் ஒரு டைவ் அடித்துவிட்டு விமானம் ஏறக்கூடாதா?

கூடாது. சிலிண்டர் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் உடம்பின் திசுக்களில் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகும் அது மெதுவாகத்தான் வெளியேறும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி வருவது போல அந்த நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழியாகலாம். ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டல். நான் முழுதாக 24 மணி நேரம் விடுகிறேன். ஹாஸ்கின்ஸ் விமானம் குட்டி விமானம்தானே என்று நினைக்க வேண்டாம். அதுவும் விமானம்தான், கணக்கு அந்த முதல் விமானத்திலிருந்தே ஆரம்பிக்கிறது.

அந்த ஒரு நாளில் சந்தைக்குப் போகலாம். உபகரணங்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடலாம். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் எடையும் கூடும், வீட்டில் திறக்கும்போது மூக்கையும் பொத்த வேண்டியிருக்கும்.

மலேரியா இருக்கிறதாமே?

இருக்கிறது. விளையாட்டில்லை. இரண்டு வகையும் உண்டு: உயிருக்கே ஆபத்தான ஃபால்சிபாரம், ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வரும் வைவாக்ஸ். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டைவிங் செய்யப் போகிறேன் என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதில் அது முக்கியம். மெஃப்லோகுவின் என்ற மாத்திரை சிலருக்குத் தலைசுற்றல், பதற்றம், குழப்பம் தரும். டைவ் முடிந்து மேலே வந்தவருக்குத் தலை சுற்றினால் அது மாத்திரையா, நைட்ரஜன் குமிழியா என்று யார் சொல்வது? அதனால் டைவர்களுக்கு அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டால் வெயில் தோலைச் சுட்டுவிடும், ஊர் திரும்பியும் நான்கு வாரம் தொடர வேண்டும். அடோவகுவோன்-புரோகுவானில் கலவையைத் திரும்பிய பிறகு ஏழு நாள் சாப்பிட்டால் போதும், ஆனால் விலை அதிகம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாயங்காலம் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு. ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் “பாப்புவா நியூகினி போயிருந்தேன்” என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

விபத்து நடந்தால் என்ன செய்வது?

நைட்ரஜன் குமிழியால் வரும் நோய்க்கு முதலுதவி சுத்தமான ஆக்சிஜன், முழுச் சிகிச்சை உயர் அழுத்த அறையில். அந்த அறை கிம்பேயில் இல்லை, போர்ட் மோர்ஸ்பிக்குப் போக வேண்டும். நிலைமையைப் பொறுத்து ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோக வேண்டி வரலாம். அதற்கான தனி விமானச் செலவைச் சொந்தக் காசில் கட்டினால் வீட்டை விற்க வேண்டியதுதான். ஆகவே டைவிங்குக்கென்றே உள்ள காப்பீடு, அவசர விமானச் செலவையும் ஏற்கும் காப்பீடு, கட்டாயம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபாவை விலக்கியிருப்பார்கள், அல்லது ஆழத்துக்கு ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். பொடி எழுத்தைப் படியுங்கள்.

முன்பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, போர்ட் மோர்ஸ்பியில் அழுத்த அறை இப்போது வேலை செய்கிறதா? முதல் கேள்விக்குத் தடுமாறுகிற இடத்தில் நான் டைவ் செய்வதில்லை.

பெரிய விபத்தைவிடப் பயணத்தைக் கெடுப்பது காதுதான். முதல் தடவை நான் லேசான சளியோடு கிளம்பினேன். “வெந்நீர் குடித்தால் போய்விடும்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் டைவில் நான்கு மீட்டர் இறங்கியதுமே காதில் ஊசி குத்தியது. இரண்டு நாள் படகில் உட்கார்ந்து மற்றவர்கள் ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஐஸ்கிரீம்கூடத் தொடுவதில்லை. அறிவியல் இருக்கிறதோ இல்லையோ, மனசுக்கு ஒரு தெம்பு.

என்னென்ன சாமான் கொண்டுபோக வேண்டும்?

உங்கள் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கும் டைவ் கம்ப்யூட்டர், முடிந்தால் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரும் சொந்தமாக. சிலிண்டரும் ஈயக்கட்டியும் அங்கே கொடுப்பார்கள். மற்றதை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் அளவை முன்பே எழுதித் தெரிவித்துவிடுங்கள். உள்நாட்டு விமானத்தில் சுமை வரம்பு கறாரானது. கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்டினாலும் பெட்டி உங்களோடு வருமா, மறுநாள் வருமா என்பது வேறு விஷயம். மாஸ்க், கம்ப்யூட்டர், மாத்திரை, ஒரு செட் நீச்சலுடை நான்கும் கைப்பையில் இருக்கட்டும்.

உதிரிச் சாமான்தான் உயிர். இரண்டாம் முறை போனபோது முதல் டைவிலேயே என் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டை அறுந்தது. பத்து சிங்கப்பூர் டாலர் சாமான், சிங்கப்பூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், அங்கே எந்தக் கடையிலும் கிடையாது. படகோட்டி ஒன்றும் சொல்லாமல் நைலான் கயிறு ஒரு முழம் வெட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, குதிகாலில் உறுத்தாமல் இருக்க ஒரு ரப்பர் குழாய்த் துண்டைக் கோத்துக் கொடுத்தார். ஐந்து நாளும் அதுதான் தாங்கியது. இன்னும் அந்தக் கயிற்றை அவிழ்க்கவில்லை. நீங்கள் மாஸ்க் பட்டை, ஃபின் பட்டை, ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி, பேட்டரி, ரப்பர் வளையங்கள் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுபோங்கள். மின் செருகி ஆஸ்திரேலிய மாடல், அதற்கு மாற்றியும் வேண்டும்.

எங்கே தங்குவது? ஒரு நாள் எப்படிப் போகும்?

டைவர்கள் பெரும்பாலும் தங்குவது வாலிண்டி பிளாண்டேஷன் ரிசார்ட்டில். பெயருக்கு ஏற்றபடி பழைய தோட்டம்தான், கரையோரம் மரவீடுகள். காலையில் படகு கிளம்பினால் குன்றைப் பொறுத்து அரை மணியோ ஒரு மணியோ ஓட்டம். இரண்டு டைவ், நடுவில் ரெஸ்டார்ஃப் மாதிரி ஒரு குட்டித் தீவில் சாப்பாடு, மூன்றாவது டைவ், திரும்பல். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்றுக் கலவை) சான்றிதழ் இருந்தால் பயன்படுத்துங்கள், ஐந்து நாள் தொடர் டைவிங்கில் நைட்ரஜன் சேர்வது குறையும். ஆனால் 32 சதவீத ஆக்சிஜன் கலவையோடு 33 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதை நீலத்துக்குள் இறங்கும் குன்றின் சுவர் மறக்கடித்துவிடும், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

முன்கூட்டிச் சொன்னால் கிடைக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சேம்பு, கீரை, தேங்காய்ப்பால், பப்பாளி, வாழை. சமையலுக்குத் தேங்காய்ப்பால் என்றதும் நம் நாக்கு பாதி சமாதானமாகிவிடும். ஜவ்வரிசி என்று நாம் சாப்பிடுவது சேலத்து மரவள்ளிக்கிழங்கு மாவு. அங்கே பனை இன மரத்தின் தண்டிலிருந்து எடுக்கும் அசல் ஜவ்வரிசி மாவு சந்தையில் கட்டியாக விற்கிறது. ஒரு தடவை ருசி பாருங்கள். இரண்டாம் தடவை கேட்க மாட்டீர்கள். ஊறுகாய் பாட்டிலை அவசியம் எடுத்துப் போங்கள்.

கடலில் இறங்கவும் கட்டணம் கேட்கிறார்களாமே, இது என்ன நியாயம்?

அதுதான் அங்கே நியாயம். பாப்புவா நியூகினியில் நிலத்தின் பெரும்பகுதி அரசுடையதோ தனியாருடையதோ அல்ல, குலங்களின் பரம்பரை உடைமை. கரையோரத்தில் அந்த உரிமை பவளத்திட்டு வரைக்கும் நீளும். இந்தத் திட்டு இந்த ஊர்க்காரர்களுடையது என்று எல்லோருக்கும் தெரியும். டைவ் கட்டணத்தின் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது. அவர்கள் மனசு வைத்து மீன் பிடிக்காமல் விட்டதால்தான் நமக்குப் பார்க்க மீன் இருக்கிறது. பேரம் பேச வேண்டாம்.

மஹோனியா நா டாரி என்ற அமைப்பு 1997 முதல் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறது. உள்ளூர் பாகோவி மொழியில் அந்தப் பெயருக்குக் “கடலின் காவலர்” என்று பொருள்.

பவளம் இன்னும் நன்றாக இருக்கிறதா, அல்லது எல்லாம் வெளுத்துவிட்டதா?

வெளிக்குன்றுகள் அருமையாக இருக்கின்றன. கரைப்பக்கம் அப்படிச் சொல்ல மாட்டேன். தண்ணீர் சூடாகிப் பவளம் வெளுத்தது ஒரு பக்கம், கரையில் காடு போய் எண்ணெய்ப்பனை வந்ததால் மழையோடு இறங்கும் சேறு இன்னொரு பக்கம். இந்த விரிகுடாவை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, பவளம் குறைந்தபோது மீன் வகைகளில் முக்கால்வாசிக்கு மேல் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டியது. மீன்பிடிக்கத் தடை இருந்த இடத்திலும் அதே கதைதான்.

எனக்குப் பிடித்தது 2007-இல் வந்த இன்னொரு ஆய்வு. விரிகுடாவில் உள்ள கிம்பே தீவு என்ற பொட்டுத் தீவில், தாய் மீன்களுக்குப் பேரியம் என்ற தனிமத்தின் ஒரு வகையை ஊசியில் போட்டார்கள். அது குஞ்சுகளின் காதெலும்பில் அடையாளமாகப் பதியும். குஞ்சுகள் பிறந்ததும் நடுக்கடலுக்குப் போய்விடும், பல நாள் கழித்துத்தான் ஏதாவது ஒரு திட்டில் வந்து ஒதுங்கும். அந்தத் தீவில் வந்து ஒதுங்கிய கோமாளி மீன் குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்தால், சுமார் 60 சதவீதம் அதே தீவில் பிறந்தவை. அத்தனை பெரிய கடலைச் சுற்றிவிட்டு, சொந்த ஊருக்கே திரும்பியிருக்கின்றன. அடுத்த முறை கடல் சாமந்திக்குள் கோமாளி மீனைப் பார்க்கும்போது அதன் பூர்வீகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எரிமலை வெடித்தால்?

டைவுக்கு ஆபத்து என்பதைவிட விமானத்துக்குத்தான் ஆபத்து. 2002-இல் பாகோ எரிமலை வெடித்தபோது ஹாஸ்கின்ஸ் விமான நிலையத்தை மூட வேண்டியிருந்தது. 2019 ஜூனில் உலாவுன் சாம்பலைக் கக்கியபோது ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். உலாவுனுக்கு ‘தகப்பன்’ என்று பெயர், பக்கத்தில் உள்ள பாமுஸ் மலைக்குத் ‘தெற்கு மகன்’. குடும்பம் அமைதியாக இருக்கும் நாளில் போய் வருவது நம் அதிர்ஷ்டம். மாற்றக்கூடிய விமானச் சீட்டு வாங்குங்கள்.

முதலை? திருடர்கள்?

உப்புநீர் முதலைகள் ஆற்று முகத்துவாரத்திலும் அலையாத்திக் காட்டிலும் உண்டு. வெளிக்குன்றுகளில் அந்தக் கவலை இல்லை. கரையில் எங்கே குளிக்கலாம் என்று உள்ளூர்க்காரரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

போர்ட் மோர்ஸ்பியில் இருட்டிய பிறகு தனியாக நடக்க வேண்டாம். விடுதி வண்டியே விமான நிலையத்துக்கு வந்து ஏற்றிக்கொள்ளும்படி பேசி வையுங்கள். கிம்பே சந்தைக்கும் ஒரு உள்ளூர் ஆளோடு போவது நல்லது. பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அவர் இருந்தால்தான் பேச்சு நடக்கும்.

என்ன மொழி பேசுகிறார்கள்?

நூற்றுக்கணக்கான மொழிகள் உள்ள நாடு, பொதுவாகப் பேசுவது டோக் பிசின். கடலுக்கு ‘சோல்வாரா’, அதாவது உப்புத்தண்ணீர். மீனுக்குப் ‘பிஸ்’. நல்லது என்றால் ‘குட்பேலா’. ஆங்கிலமும் டைவ் ஆட்களிடம் செல்லும்.

மொழி தெரியாவிட்டாலும் சந்தையில் ஒரு விஷயம் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே எல்லோரும் பாக்கு மெல்லுகிறார்கள். வெற்றிலைக்குப் பதில் அந்தக் கொடியின் காயை, சுண்ணாம்பில் தொட்டுக் கடிப்பார்கள். ஒரு பாட்டி கடையில் நான் பாக்கைக் கையில் எடுத்து, நகத்தால் கீறிப் பதம் பார்த்தேன், ஊரில் ஆத்தா செய்வது போல. அவர் சிவந்த பல் தெரியச் சிரித்து, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அதற்கப்புறம் வாழைப்பழத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பணம் எப்படி?

நாணயம் கினா. அது ஒரு சிப்பியின் பெயர். முன்பு அந்தச் சிப்பியே பணமாகப் புழங்கியது. போர்ட் மோர்ஸ்பி விமான நிலையத்திலேயே கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள், சில்லறை நோட்டாக. சந்தையில் அட்டை செல்லாது.

டைவ் செய்யாத மனைவியும் பிள்ளைகளும் வரலாமா?

வரலாம், ஸ்நார்க்கெலிங் (மேல்மட்டத்தில் மிதந்தபடி குழாயில் மூச்சுவிட்டுக் கீழே பார்ப்பது) பிடித்தால். ரெஸ்டார்ஃப் தீவைச் சுற்றி இடுப்பளவுத் தண்ணீரிலேயே பவளம் இருக்கிறது. பறவை பார்க்கலாம், வெந்நீர் ஓடும் ஓர் ஆற்றில் குளிக்கலாம். ஆனால் சின்னக் குழந்தைகளை மலேரியா உள்ள இடத்துக்குக் கூட்டிப்போக நான் யோசிப்பேன். டைவ் செய்யும் ஐந்து நாளும் நீங்கள் மட்டும் தண்ணீருக்குள் இருந்துவிட்டு வந்தால், திரும்பும் விமானத்தில் ஆறரை மணி நேரம் யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.